சட்டையில் அத்தர் வாசனை

என் அப்பா பாய் ஆகிவிட்டார் என்பதற்கு என்னிடம் ஆதாரங்கள் இருந்தன.

அப்போது நான் ஏழாவது முடித்திருந்தேன். முடித்தேன் என்றால், பரீட்சை எழுதாமலே எங்களையெல்லாம் பாஸ் என்று சொல்லிவிட்டார்கள். கொரோனா இரண்டாம் தடவையாக வந்த கோடை அது. பள்ளிக்கூடம் இல்லை, தெருவில் விளையாட்டு இல்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணை வீட்டுக்குள் அடைத்து, பெரியவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லாமல் செய்துவிட்டால், அவள் எதையாவது கண்டுபிடிக்காமல் விடமாட்டாள்.

எங்கள் வீடு ஆம்பூரில், மாதா கோயிலுக்குப் பின்னால் போகும் சந்தில் இருந்தது. ஒரு வரிசையில் எங்களைப் போல நாலைந்து கிறிஸ்தவக் குடும்பங்கள், எதிர் வரிசை முழுக்க பாய்மார் வீடுகள். அப்பா டேனரியில் டிரம் ஓட்டுகிறவர். டிரம் என்றால் வீடு உயரத்துக்கு நிற்கும் மரப் பீப்பாய். தோலையும் மருந்தையும் அதில் போட்டு மணிக்கணக்கில் சுற்றவிடுவார்கள். அம்மா ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைப்பவள். இரண்டு கம்பெனியும் மூடிக் கிடந்தன. அம்மா வீட்டு மிஷினில் மாஸ்க் தைத்துக்கொண்டிருந்தாள்.

தெருவில் எல்லாருக்கும் எல்லார்மேலும் சந்தேகம். ஒரு வீட்டில் இருமல் கேட்டால் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்திக்கொள்ளும். காய்ச்சல் வந்தவர்கள் அதை வெளியே சொல்லமாட்டார்கள். யாரும் வெளியே வராதபடி வாசலில் தகரம் அடித்துவிடுவார்களோ என்று பயம். காலையில் மருந்துக்கடைப் பக்கம் போனவரைப் பார்த்தால் மத்தியானத்துக்குள் அவர் வீட்டில் யாருக்கு என்ன என்று தெருவே முடிவு செய்துவிடும். ஹைவேஸில் வேலூர்ப் பக்கம் போகும் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் அம்மா தையலை நிறுத்திச் சிலுவை போட்டுக்கொள்வாள். சில நாள் தைப்பதைவிடச் சிலுவை போடுவதற்குத்தான் அவளுக்கு நேரம் சரியாக இருந்தது.

அம்மாவின் பாதுகாப்பு ஏற்பாடுகளில் வானமும் பூமியும் சமமாகக் கலந்திருந்தன. காய்கறியை மஞ்சள் தண்ணீரில் கழுவி, அதன்மேல் கோயிலில் மந்திரித்த தண்ணீரையும் தெளிப்பாள். கபசுரக் குடிநீரைக் குடிப்பதற்கு முன் ஒரு பரலோக மந்திரம். செபஸ்தியார் படம் பீடத்தில் மாதாவுக்குப் பக்கத்தில் ஏறியிருந்தது. கொள்ளைநோய்க்கு அவர்தான் காவல் என்றாள். உடம்பெல்லாம் அம்பு தைத்து நிற்கிறவர் நம்மை எப்படிக் காப்பாற்றுவார் என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு டம்ளர் கபசுரம் கிடைக்கும்.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஜெபமாலை. முதல் பத்து மணி அம்மா, அடுத்தது நான், மூன்றாவது அப்பா. தம்பிக்கு நாலு வயது. அவன் ஆமென் மட்டும். மிச்சத்தை மறுபடி அம்மாவே சொல்லி முடிப்பாள். இந்த ஒழுங்கு எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து இருந்தது. அந்தக் கோடையில்தான் அப்பா அதைக் குலைத்தார். என் பத்து முடிகிற நேரத்தில் எழுந்து, "போன் வருது" என்று வாசலுக்குப் போய்விடுவார். போன் பீடத்துக்குக் கீழே, என் கண்ணெதிரே, சத்தமில்லாமல் கிடக்கும்.

அது முதல் ஆதாரம்.

இரண்டாவது ஆதாரம் வாசனை. ஊரடங்கிலும் அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்வந்தார். "டிரம்முல போட்ட தோலு அப்பிடியே கெடக்குது, உட்டா அழுவிடும், ஷிப்டு பாக்கணும்" என்று சொல்லியிருந்தார். டேனரியில் நின்றுவிட்டு வந்தால் எப்படி நாறும் என்று எங்கள் ஊர்க் குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனை சோப்பு போட்டாலும் அது தோளில் உட்கார்ந்திருக்கும். சின்ன வயதில் நான் அந்த நாற்றத்தை வைத்தே இருட்டில் அப்பாவைக் கண்டுபிடிப்பேன். இப்போது அப்பா தலை ஈரமாக, எங்கேயோ குளித்துவிட்டு வந்தார். சட்டையில் அத்தர் மணந்தது. எதிர் வீட்டு பாய் ரம்ஜானுக்குப் போடுவாரே, அதே அத்தர்.

மூன்றாவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை. யாரோ ரகசியமாகப் பன்றி அடித்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அம்மா மிளகு போட்டு வறுத்தாள். ஊரடங்கில் கறி பார்த்து நாளாகியிருந்தது. தம்பி தட்டைத் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அப்பா ஒரு துண்டை எடுத்தார், பார்த்தார், திரும்பச் சட்டியில் வைத்துவிட்டு ரசம் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார். பன்றிக்கறியை யார் தொடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா?

நான்காவதுதான் என்னை உறுதியாக நம்பவைத்தது. பூசை செல்போனில் வந்துகொண்டிருந்த காலம். அப்பாவின் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, அதன் முன்னால் பாய் விரித்து முழங்காலில் நிற்போம். சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடித்த நேரத்தில் அவர் திடீரென்று மறைந்துபோனார். திரையில் 'மஸ்ஜித் பாய்' என்று வந்தது. அப்பா பாய்ந்து போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். "சலாம் பாய்… சொல்லுங்க… தோ வந்துட்றேன்" என்று அவர் சொன்னது எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. அம்மா முழங்காலிலேயே நின்றுகொண்டிருந்தாள். எங்களுக்கு எதிரில் சர்க்கரை டப்பா மட்டும் இருந்தது.

அன்று மத்தியானம் சமையலறையில் சண்டை.

"நெசத்த சொல்லு. எங்க போய்ட்டு வர்ற?"

"டேனரிக்குத்தான்."

"டேனரில அத்தரு பூசி உட்றாங்களா? யாரு வூட்ல குளிச்சிட்டு வர்ற நீ?"

அப்பா கொல்லைப்பக்கம் போய்விட்டார். அம்மாவும் என்னைப்போலவே கண்டுபிடித்துவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மசூதியில் கை கால் கழுவ ஒரு தொட்டி உண்டு என்று எனக்குத் தெரியும். அதை அம்மா ஏன் 'யாரு வூடு' என்கிறாள், அதைக் கேட்டுவிட்டு ஏன் மிஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுகிறாள் என்பதுதான் புரியவில்லை. மதம் மாறினால் இவ்வளவு அழவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என்னால் முடிந்ததை நானும் செய்தேன். என் முதல் நற்கருணைக்குக் கிடைத்த, காசு அளவு மாதா சுரூபத்தை அப்பாவின் சட்டைப்பையில், பேனாவுக்கு அடியில் தள்ளிவைத்தேன். செபஸ்தியாரிடம் தனியாகப் பேசினேன். எதிர் வீட்டில் என் வயதில் ஒரு பெண் இருந்தாள், என் தோஸ்த். அவள் மாடியிலும் நான் எங்கள் வாசலிலுமாக நின்று பேசிக்கொள்வோம்.

"உங்க மசூதில புதுசா யாராச்சும் சேந்தாங்களா?" என்று கேட்டேன்.

"மசூதியே பூட்டித்தான கெடக்குது. எங்க வாப்பாவே வூட்லதான் தொழுவறாரு," என்றாள். பிறகு கண்ணைச் சுருக்கி, "இன்னாத்துக்கு கேக்கற?" என்றாள்.

"சும்மா."

அவளுக்கும் என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. எனக்கோ குழப்பம் கூடிப்போனது. பூட்டிய மசூதிக்குள் அப்பா எப்படிப் போகிறார்? அன்றைக்கே பைக்கைத் துடைக்கிற சாக்கில் அதன் பக்கப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். துணிப்பை ஒன்று. அதற்குள் மடித்துவைத்த வெள்ளைக் குல்லா. நான் பெட்டியை மூடிவிட்டு உள்ளே வந்து, தம்பி பக்கத்தில் படுத்து, அவனை இனி நான் ஒருத்தியாகக் கிறிஸ்தவனாக வளர்க்கவேண்டுமே என்று கவலைப்பட்டேன்.

இதற்கு நடுவில்தான் பாட்டு டீச்சர் செத்துப்போனார்.

அவர் எங்கள் தெருவின் கடைசி வீடு. கோயில் பாடல் குழுவை நடத்தியவர். பள்ளிக்கூடத்தில் டீச்சர் இல்லை, ஆனால் ஊரே டீச்சர் என்றது. அம்மா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது முதலில் பேசினது அவர்தானாம். கூட்டிக்கொண்டு போய்ப் பாடல் குழுவில் தன் பக்கத்தில் நிற்கவைத்தாராம். அவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்ட மறுநாள் வேலூருக்கு எடுத்துப்போனார்கள். அம்மா அவருக்காகத் தனியாக ஒரு ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தாள். "வந்துருவாங்க. மாதா கைவிட மாட்டா. அவளுக்கு அவ்ளோ பாட்டு பாடியிருக்காங்க" என்று எங்களிடம் சொல்லுவாள். செய்தி வந்தபோது அம்மா பீடத்துக்கு முன்னால் போய் நின்றாள். திட்டப்போகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. மாதாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அணைந்துபோயிருந்த மெழுகுவத்தியை மறுபடி ஏற்றினாள்.

டீச்சரின் வீட்டுக்காரரும் மகனும் அதே காய்ச்சலில் வீட்டுக்குள் அடைபட்டிருந்தார்கள். எங்கள் பங்குச் சாமியாரும் ஆஸ்பத்திரியில். உடம்பை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள், நேராகக் கல்லறைத் தோட்டம்தான் என்றார்கள். யாரும் வரக்கூடாது என்றும் சொன்னார்கள். அப்பா காலையிலேயே பைக்கில் போய்விட்டிருந்தார். அம்மா தம்பியை எதிர் வீட்டில் விட்டுவிட்டு, எனக்கு ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க் கட்டி, கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே எங்களைப்போல இன்னும் சிலர் தள்ளித் தள்ளி நின்றார்கள். எல்லாம் பாடல் குழுக்காரர்கள். ஆம்புலன்ஸ் வந்தது. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிய ஆட்கள் இறங்கினார்கள். முகமே இல்லை, கண்ணாடியும் மாஸ்க்கும்தான். எங்கள் ஊர்ப் பாய் வீட்டுப் பையன்கள்தான் இந்த வேலையைச் செய்கிறார்கள், எந்த மதத்துப் பிணமானாலும் அவர்கள்தான் புதைக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்ற அக்கா மெதுவாகச் சொன்னாள். "சாமியார் இல்ல, ஒரு ஜெபம் இல்ல. டீச்சருக்கு இப்பிடியா வரணும்" என்றாள்.

டீச்சரின் உடம்பு இருந்த பையை அவர்கள் மெதுவாகத்தான் தூக்கினார்கள். வேகமாகத் தள்ளிவிட்டுப் போவார்கள் என்று செல்போனில் பார்த்ததை வைத்து நான் பயந்திருந்தேன். குழிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வைத்துவிட்டு இறக்காமல் பின்னால் நகர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் முன்னால் போய் டீச்சரின் தலைமாட்டில் நின்றார். சிலுவை போட்டார். வெள்ளைக் கையுறை நெற்றிக்கும் நெஞ்சுக்கும் போய்வருவது நாங்கள் நின்ற இடத்திலிருந்து தெளிவாகத் தெரிந்தது. மாஸ்க்குக்குள்ளிருந்து ஜெபம் வந்தது. நித்திய இளைப்பாற்றி என்கிற சொல் மட்டும் காற்றில் கேட்டது. யாரோ உபதேசியார் போலிருக்கிறது என்று எல்லாரும் மூச்சுவிட்டார்கள்.

அதன்பிறகு அந்த ஆள் மாதா பாட்டு ஒன்றைப் பாட ஆரம்பித்தார்.

எங்கள் கோயிலில் சாவுக்கு வழக்கமாகப் பாடுகிற பாட்டு. மூன்றாவது அடியில் மேலே ஏறவேண்டிய இடத்தில் அந்தக் குரல் கீழே இறங்கியது. இறங்கினது தெரியாமல் தைரியமாகத் தொடர்ந்து போனது. அந்த இடத்தில் அந்தப் பாட்டை அப்படித் தப்பாகப் பாடக்கூடிய ஆள் ஆம்பூரில் ஒருவர்தான். "உங்க வூட்டுக்காரரு ஜெபத்த மட்டும் சொல்லட்டும்மா, பாட்ட நாங்க பாத்துக்கறோம்" என்று பாட்டு டீச்சரே அம்மாவிடம் சிரித்துக்கொண்டு சொன்னது ஊருக்கே தெரியும்.

என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் கை அப்படியே இறுகியது. நான் வலிக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா பாட ஆரம்பித்துவிட்டாள். கேட்டுக்கு வெளியிலிருந்து, இரண்டு மாஸ்க்குக்குள்ளிருந்து, மேலே ஏறவேண்டிய இடத்தில் சரியாக ஏறி. பக்கத்து அக்கா சேர்ந்துகொண்டாள். தள்ளித் தள்ளி நின்றவர்கள் எல்லாரும் நின்ற இடத்திலிருந்தே பிடித்துக்கொண்டார்கள். அங்கே குழிப்பக்கம் அந்தக் குரல் ஒரு நிமிஷம் நின்றுபோனது. வெள்ளை உடுப்பு எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தது. பிறகு எங்களோடு சேர்ந்து பாடியது, அப்போதும் தப்பாகத்தான். பாட்டு முடியும்வரை பாய் வீட்டுப் பையன்கள் கட்டின கையை எடுக்கவில்லை. முடிந்த பிறகே கயிற்றைப் பிடித்து இறக்கினார்கள்.

அப்பா வீட்டுக்கு வந்தபோது வழக்கம்போலத் தலை ஈரமாக இருந்தது. அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே போகவிடாமல், ஆனால் சத்தம் போடாமல் கேட்டாள்.

"எத்தினி நாளா?"

அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். அவரோடு டிரம்மில் நின்ற ஓடுகத்தூர்க்காரர், எங்களுக்கும் தெரிந்தவர், போன மாதமே இறந்துவிட்டாராம். சொந்தக்காரர் யாரும் வரமுடியவில்லை. தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வரலாம் என்று அப்பா போயிருக்கிறார்.

"குழி வெட்டி ரெடியா வச்சிட்டு அந்தப் பசங்க சும்மா நிக்கறாங்க. இன்னா பாய்னு கேட்டா, 'இவரு கிறிஸ்டியனு, உங்க ஜெபம் எங்களுக்குத் தெரியாது, சொல்லாம எப்பிடி எறக்கறது, நீங்க சொல்லுங்க'ன்றாங்க. எனக்குத் தெரிஞ்சத சொன்னேன். நம்பரு வாங்கிக்கினாங்க. அப்புறம் நம்மாளுங்க யாரு போனாலும் கூப்பிட்றாங்க. வேல முடிஞ்சா மசூதி பின்னாடி ஷெட்டுல தண்ணி ஊத்திக்கினு, அவங்க அத்தர் குடுப்பாங்க. உடுப்புக்குள்ள ரொம்ப வேர்க்குது, முடி கண்ணுல உழும், அதுக்கு ஒரு குல்லாவும் குடுத்தாங்க."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா உட்டிருப்பியா?"

"உட்டிருக்க மாட்டேன்."

"அதான்."

அம்மா அவருடைய ஈரத் தலையைப் பார்த்தாள். "நான் இன்னான்னு நெனச்சிக்கினு இருந்தேன் தெரியுமா?" என்றாள் பிறகு. அப்பா "இன்னான்னு?" என்றார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல" என்றாள்.

எனக்கு மறைக்க எதுவும் இல்லை. "நீ பாயா மாறிட்டேன்னு நான் நெனச்சேன்," என்றேன். "அதான் பன்னிக்கறி துன்னலன்னு."

அப்பா சிரித்துவிட்டார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு எங்கேயோ வழிமாறி வேறு மாதிரி ஆனது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "கறியப் பாத்தாலே முடியலடி," என்றார் துண்டுக்குள்ளிருந்து.

அம்மா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்ப ஜெபமாலைக்கு ஏன் எழுந்து போய்ட்ற? அங்க அத்தினி பேருக்கு சொல்ற, வூட்ல சொல்ல இன்னா?"

அப்பா துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "அதே வாயி," என்றார். "அங்க சொல்லிட்டு வந்து இங்க உங்க மூணு பேரு மூஞ்சப் பாத்துக்கினு அதையே சொல்ல பயமா இருக்குது. 'எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்'னு வர்றப்ப வாய் வரல." அப்புறம் இன்னும் மெதுவாக, "மேல யாராச்சும் கேக்கறாங்களான்னே தெரியல," என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். காய்கறிக்கு மந்திரித்த தண்ணீர் தெளிக்கிறவள், பூசையில் நான் கொட்டாவி விட்டாலே கிள்ளுகிறவள், இதற்கு அவரை என்ன செய்யப்போகிறாளோ என்று எனக்கு ஆவலாக இருந்தது. அம்மா எழுந்துபோய்ப் பீடத்தில் விளக்கு வைத்தாள்.

"வா. வந்து ஒக்காரு," என்றாள். "நீ ஒண்ணும் சொல்லவேணாம். ஒன் பங்கையும் சேத்து நாங்க சொல்றோம்."

"எவ்ளோ நாளைக்கு?" என்று கேட்டது நான்.

"அப்பாவுக்கு வாய் வர்ற வரைக்கும்."

அநியாயமாகத்தான் இருந்தது. எனக்குத் தொண்டை வலி என்று நான் சொன்ன நாளில்கூட என் பத்தை யாரும் சொன்னதில்லை. உண்மை தெரிந்த பிறகும் அப்பாவின்மேல் எனக்கிருந்த சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. பெரிய ஆட்கள் வேலையிலிருந்து எப்படித் தப்பிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டேன். அன்று மூன்றாவது பத்து என் தலையில் விழுந்தது. சொல்லிக்கொண்டே ஒரு கண்ணை மட்டும் திறந்து, அப்பா உதட்டையாவது அசைக்கிறாரா என்று நோட்டம் விட்டேன்.

அசைக்கவில்லை. கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தார். அம்மாவின் கையிலிருந்த ஜெபமாலையின் முனை, சிலுவை தொங்குகிற முனை, அப்பாவின் கைக்குள் இருந்தது. அம்மா ஒவ்வொரு மணியாக நகர்த்தும்போதும் மாலை கொஞ்சம் இழுபட, அவர் கையும் கூடவே கொஞ்சம் நகர்ந்தது.

மறுபடி எழுந்து ஓடிவிடக்கூடாது என்றுதான் அம்மா அவரை அப்படிக் கட்டிவைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி அடுத்த மணிக்குப் போனேன்.